கடைசியாகப் பார்த்தது

நூற்றெண்பத்தேழு பேர் இருந்த குழுவில்
விடியலைத் திறந்துவைப்பவன் நான்தான்.
தாமரை, பிறை, மாதா
மூன்றுக்கும் பாரபட்சமில்லாமல்
நாலரை மணிக்கே காலை வணக்கம்.
மூக்கையூரில் என்ஜின் கழற்றி மாட்டுகிறவனுக்கு
அப்படித்தான் ஒரு பேர் வந்தது:
'தகவல்' அந்தோணிராயன்.
ஏர்வாடியில் டீ குடித்தால்
சீனி காதர் காசு வாங்கமாட்டார்.

அந்தப் பேர் என்ன எடை தாங்கும் என்று
ஓர் ஐப்பசிச் செவ்வாயில் தெரிந்தது.

யாரோ அனுப்பியதை எல்லோருக்கும் அனுப்பினேன்.
சிவப்பு எழுத்து, சுழலும் மேகம்,
'இன்றிரவு கரையைக் கடக்கும், உடனே பகிரவும்.'
வாலிநோக்கம் தொட்டுக் கீழமுந்தல் வரை
வத்தைகள் மணலேறின.
அன்றிரவு கடல்
கழுவிக் கவிழ்த்த தட்டுப்போலக் கிடந்தது.
வேம்பார்க்காரர்கள் மட்டும் போய்
கணவாய் அள்ளிவந்தார்கள்.
இருபது நாளுக்குப் பிறகு வந்த பாடு அது.

யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
மறுநாள் என் தாமரையைப்
பார்த்தவர் பட்டியலில் நூற்றெண்பது பேர்,
ஒரு சொல் இல்லை.
ஐஸைக் கடனுக்கு வாங்கி
தண்ணீராக்கிய முனீசுவரி மட்டும்
குரல் போட்டாள், நான்கு நொடி:
"அண்ணே, நீங்க கடலப் பாத்தீங்களா?"

பட்டறையிலிருந்து கடல் நூறு எட்டு.
நான் பார்க்கவில்லை.

வெளியேறு என்ற எழுத்தின் மேல்
கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தேன்.
போனவனின் பேரை
போன இடத்திலேயே விட்டுவிடுவார்கள்,
அழுக்கோடு.
இருந்துகொண்டேன்.

கார்த்திகை முதல் தேதி எழுதினேன்:
'ஐப்பசியில் போட்டது பொய். பார்க்காமல் போட்டேன்.
இனி என் கண் பட்டது மட்டும்.'
யாரோ ஒரு கைகூப்பல் வைத்தார்கள்,
பிறகு அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

மணி 4.10. வாடை. உடைமரம் ஆடுது, பனை ஆடல.
மணி 4.05. தண்ணி கலங்கல். சோநீவாடு மாதிரி இருக்கு, உறுதியில்ல.
மணி 4.15. எதுவுமில்ல. நட்சத்திரம் இருக்கு.
மணி 6.30. காய்ச்சல். கரைக்குப் போகல. இன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது.

இந்தக் கடைசி வரிக்குத்தான்
முதல் பதில் வந்தது.
'சுக்குத் தட்டிப் போட்டுக் குடி'
என்றார் சீனி காதர்.
(டீக்கு மட்டும் இன்றுவரை காசு வாங்குகிறார்.)

பெயர் என்ற சொல்லுக்கு
இடம்விட்டு நகர் என்றும் பொருள் உண்டாம்.
என்னுடையது ஒரே இரவில் நகர்ந்தது,
திரும்பி வர
பத்து மாதம் நடந்தது,
கால் சுடச்சுட, சொல்லிக்கொள்ளாமல்.
வந்துவிட்டது என்பதே
முனீசுவரி ஒருநாள் கூடையை இறக்கிவைத்து
"நாளைக்கி ஐஸ் எத்தன பார் சொல்லட்டும்ணே?"
என்றபோதுதான் தெரியும்.

நேற்று, ஆடி இருபத்தொன்று.
கச்சான் கதவைப் பிடித்து உலுக்கும் இரவு.
1.40க்கு ஒரு புது எண்:
'அண்ணே நான் மாரியூர் தொபியாஸ்.
உங்களப் பாத்ததில்ல.
காலைல தங்கச்சி காலேஜுக்குப் பணம் கட்டணும்.
போகலாமா?'

போகலாம் என்று தட்டி, அழித்தேன்.
வேண்டாம் என்று தட்டி, அழித்தேன்.
பேரில்லாத காலத்தில்
எப்படித் தூங்கினேன் நான்!
ஒருவரும் என்னை நம்பவில்லை,
ஒருவரும் என்னால் சாகவும் முடியாது.

'பத்து நிமிஷம்' என்று எழுதிவிட்டு
போனைச் சட்டைப்பையில் போட்டு
டார்ச்சோடு இறங்கினேன்.
நூறு எட்டும் மணல் முகத்தில் அறைந்தது.
பனையின் தலைக்கு வெளிச்சத்தைத் தூக்கினேன்.

மாரியூரில் ஒரு திரையில்
என் பேருக்குக் கீழே எழுதியிருக்கும்:
கடைசியாகப் பார்த்தது 1.43.

இல்லை தம்பி,
இப்போதுதான் பார்க்கிறேன்.